ஆற்று நாடா, பனி நாடா

3ஆம் தேதி, வியாழக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மூத்த மகள் எழுதுகிறேன். அம்மா, நான், வாண்டு மூவரும் உடம்பளவில் நலம். மற்றபடி எதெல்லாம் நலமாக இல்லை என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நல்ல செய்தி.

அதற்கும் முன்னால் அம்மாவின் கேள்வி ஒன்று. உங்கள் விடுதி அறையில் ஜன்னல் இருக்கிறதா? போன கடிதத்தில் கட்டில், மேசை, சுவரில் ஓதம், பக்கத்து அறைக்காரரின் இருமல் எல்லாம் எழுதியிருந்தீர்கள். ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "உங்கப்பா எதைப் பத்தி மூச்சு விடலையோ, அது சரியில்லைன்னு அர்த்தம்டி" என்கிறாள் அம்மா. இருந்தால் அதன் வழியாக என்ன தெரிகிறது என்றும் எழுதுங்கள். இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள்.

வக்கீல் அம்மா போன வாரம் வந்து, கைப்பையின் உள்ளறையிலிருந்து உங்கள் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். இனிமேலும் கடிதங்கள் அவருக்குத் தெரிந்தவர்கள் கையில்தான் வரும், போகும், ஐந்தாறு நாள் ஆகும் என்றார். நாடுகளின் பெயரை மட்டும் எழுதக் கூடாதாம். அதனால் உங்கள் அடைக்கல மனுவை வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருக்கும் இரண்டு நாடுகளில் ஒன்றுக்கு ஆற்று நாடு என்றும் மற்றதற்குப் பனி நாடு என்றும் பெயர் வைத்துவிட்டேன். எது எது என்று உங்களுக்கே புரியும்.

இரண்டில் ஒரு நாட்டுக்குத்தான் மனுக் கொடுக்க முடியும், கொடுத்த பிறகு மாற்ற முடியாது, இப்போது இருக்கும் ஊரில் அடுத்த மாதக் கடைசி வரைதான் தங்க விடுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதற்குக் கீழே, "நம் வீட்டு நூலகம் நீதான். இரண்டு நாட்டைப் பற்றியும் படித்துப் பார்த்து எனக்கு எழுது" என்று ஒரு வரி. அதை ஏழு தடவை படித்தேன். வக்கீல் அம்மாவிடம் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "நான் வேலையை விட்டு எடுத்தா கேஸ் போடுறவ. நாடு விட்டு நாடு போறதெல்லாம் எனக்கும் புதுசுதான் பாப்பா. வெளியில ஒருத்தருக்கு எழுதிக் கேட்டிருக்கேன், பதிலே காணோம். நீ படி, நானும் படிக்கிறேன்" என்றார்.

கணினி நிலையத்தில் போய் அந்த நாடுகளின் பெயரைத் தட்டக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். விசாரணைக்கு வந்தவர்கள் எடுத்துப்போன நம் போன்கள் இன்னும் திரும்பி வரவில்லை. ஆகவே பொது நூலகம். அங்கே இருப்பவரை உங்களுக்கு நினைவிருக்கும். யாராவது நாற்காலியை இழுத்தால்கூட அதைவிடப் பெரிய குரலில் "சத்தம்!" என்று கத்துவாரே, அந்த 'சத்தம் மேடம்'தான். உலக நாடுகளைப் பற்றிய பெரிய கையேட்டை அவர்தான் எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டு போக முடியாத புத்தகம். நான்கு நாள் பள்ளி விட்டதும் போய் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அப்பா, ஆற்று நாடுதான். சந்தேகமே இல்லை. அதன் தலைநகரத்தை ஆறு இரண்டாகப் பிரிக்கிறது, பதினொரு பாலங்கள் இருக்கின்றன. நமக்கும் அவர்களுக்கும் இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம். நான் பள்ளிக்குக் கிளம்பும்போது நீங்கள் எழுந்து பல் துலக்கிக்கொண்டிருப்பீர்கள். முக்கியமானது இது: மனு ஏற்கப்பட்டால் ஒரே வருடத்தில் மனைவி, பிள்ளைகளை அழைத்துக்கொள்ளலாம். பனி நாட்டில் குறைந்தது ஆறு வருடம். அதற்குள் எனக்கு இருபது வயதாகிவிடும். வாண்டுக்குப் பதினொன்று.

நம் அரசு கேட்டால் உங்களைப் பிடித்துத் திருப்பி அனுப்புவார்களா என்பதையும் மறக்காமல் பார்த்தேன். கையேட்டின் பின்னால் எந்தெந்த நாடுகளுக்கு இடையே அப்படி ஒப்பந்தம் இருக்கிறது என்று ஓர் அட்டவணை இருக்கிறது. ஆற்று நாட்டுக்கு நேரே நம் நாட்டின் கட்டத்தில் 'இல்லை' என்று போட்டிருக்கிறது. பனி நாட்டுக்கும் இல்லை. ஆகவே இரண்டும் ஒன்றுதான். ஒன்றில் நாங்கள் இருப்போம், ஒன்றில் இருக்க மாட்டோம்.

இதையெல்லாம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அங்க தண்ணி எப்படியாம்?" என்றாள். பிறகு அவளே சிரித்துவிட்டாள். நீங்கள் போன பிறகு அம்மா சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

இப்போது நலமில்லாதவை. வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவள் இடம் மாறிக்கொண்டாள். அவளுடைய சித்தப்பா, ஊர்த் தண்ணீரில் ஈயத்தைக் கலந்துவிடும் அந்தப் பேட்டரித் தொழிற்சாலையில்தான் வேலை பார்க்கிறார். "உங்கப்பா ஆபீஸ் பதிவேட்டைத் திருடிட்டு ஓடிட்டாராமே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். திருடவில்லை, படம் எடுத்தார் என்றேன். பரிசோதனைக் கூடத்துக்குத் தண்ணீர் பாட்டில் வந்து சேருவதற்கு முன்னாலேயே 'ஈயம் இல்லை' என்று முடிவு எழுதப்பட்டிருந்த பக்கங்களைப் படம் எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுத்தார், அந்தத் தண்ணீரைத்தான் நீயும் குடித்தாய் என்றேன். அவள் அழுதுவிட்டாள். எனக்குச் சந்தோஷமாக இல்லை.

நீர்த்தொட்டிக்குப் பின்னால் இருக்கும் இரண்டு தெருக்களுக்கு இப்போது லாரியில் தண்ணீர் வருகிறது. உங்களால் வந்தது என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் வருகிறது.

பனி நாட்டைப் பற்றி நினைக்காதீர்கள். ஆற்று நாடு.

இப்படிக்கு, உங்கள் சொல்லை நிறைவேற்றிய பெருமையோடு,
உங்கள் மூத்த மகள்


16ஆம் தேதி, புதன்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் பதில் நேற்று வந்தது. "நீ பார்த்துச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். 28ஆம் தேதி திங்கட்கிழமை ஆற்று நாட்டின் அலுவலகத்தில் மனுக் கொடுக்க நேரம் வாங்கியிருக்கிறேன்" என்ற இடத்துக்கு வந்ததும், சத்தமாகப் படித்துக்கொண்டிருந்த நான் நிறுத்திவிட்டேன். "ஏன்டி நிறுத்திட்ட? படி" என்று அம்மா அதட்டினாள். அந்த வரியை மனதுக்குள் இன்னொரு தடவை படித்துவிட்டுச் சத்தமாகப் படித்தேன்.

ஜன்னல் இல்லை என்று எழுதியதற்கு நன்றி. அதைக் கேட்டதும் அம்மா நம் சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அம்மாவுக்கு இப்போது கை ஓயவில்லை. தையல் கடையிலிருந்து வந்ததும் பீரோவைத் திறக்கிறாள். எது அங்கே உதவும், எது உதவாது என்று துணிகளைப் பிரிக்கிறாள். ஒரு வருடம் கழித்துப் போவதற்கு இப்போதே என்ன அவசரம் என்று கேட்டால், "உனக்கு வேற வேலை இல்லையா?" என்கிறாள். உங்கள் சாம்பல் நிறச் சட்டையை மட்டும் எந்தக் குவியலிலும் வைக்கவில்லை. மடிக்கிறாள், பிரிக்கிறாள், மறுபடி மடிக்கிறாள். அதில் இன்னும் பரிசோதனைக் கூடத்து மருந்து வாடை இருக்கிறது. துவைக்கப் போடட்டுமா என்று கேட்டேன். அம்மா அதை முகர்ந்து பார்த்தாள். நானும் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

வாண்டு தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள், "எங்கப்பா வேற நாட்டுக்குத் தண்ணி டெஸ்ட் பண்ணப் போயிருக்காரு, அங்கயும் அழுக்காம்" என்று. எத்தனை நாளில் முடியும் என்று மாடி வீட்டு அத்தை கேட்டதற்கு, "ஆறு பெருசாச்சே, நாளாகும்" என்றாளாம். ஆறு என்ற சொல்லை இனி வெளியில் சொல்லக் கூடாது என்று அவளுக்குச் சத்தியம் வாங்கியிருக்கிறேன். ஒரு மிட்டாய் செலவு.

திங்கட்கிழமை விசாரணை அதிகாரி மறுபடி வந்தார். மீசை இல்லாதவர், மரியாதையாகப் பேசுபவர். போன தடவை போலவே நேராகப் போய் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தார். வாண்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அது எங்கப்பா சேர். எந்திரிங்க" என்றாள். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அவர் எழுந்துவிட்டார், அப்பா! எழுந்து ஸ்டூலில் உட்கார்ந்து மீதிக் கேள்விகளைக் கேட்டார். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியாது என்றே மூவரும் சொன்னோம்.

கையேட்டில் இருந்த வரைபடத்தைப் பார்த்து ஆற்று நாட்டின் தலைநகரத்தை நோட்டில் பெரிதாக வரைந்திருக்கிறேன். எந்தப் பாலத்துக்கு அருகில் நமக்கு வீடு கிடைத்தால் நூலகத்துக்கு நடந்து போகலாம் என்று பார்த்துவிட்டேன். நான்காவது பாலம். அதில் நடந்தால் எதிரே நீங்கள் வருவது போல இருக்கிறது. காலையில் பல் துலக்கும்போதெல்லாம் அங்கே மணி என்ன என்று கணக்குப் போடுகிறேன். நீங்கள் இன்னும் அங்கே போகவே இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வருகிறது.

28ஆம் தேதி நல்லபடி முடியட்டும்.

இப்படிக்கு, நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும்
மூத்த மகள்


21ஆம் தேதி, திங்கட்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதம் எப்படியாவது 28ஆம் தேதிக்கு முன்னால் உங்கள் கையில் கிடைக்க வேண்டும். வக்கீல் அம்மாவின் உதவியாளரே புறப்பட்டு வருகிறார். ஆகவே முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். ஆற்று நாட்டுக்கு மனுக் கொடுக்காதீர்கள். நான் எழுதியது தவறு.

இனி, எப்படித் தவறு என்று சொல்கிறேன்.

விசாரணை அதிகாரி வந்ததைப் போன கடிதத்தில் எழுதினேன். ஒன்றை எழுதாமல் விட்டேன். அவர் கிளம்பும்போது மேசையில் என் நோட்டு திறந்திருந்தது. பாலங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "நல்லா வரைஞ்சிருக்கியே. நல்ல ஊரு. போக வர சுலபம்" என்றார். புவியியல் பாடத்துக்கு வரைந்தேன் என்றேன். அவர் சிரித்தார். சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டேன் என்று அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. உங்களுக்கு எழுதினால் நோட்டைத் திறந்து வைத்ததற்குத் திட்டுவீர்கள் என்று விட்டுவிட்டேன். ஆனால் அந்த 'வர' என்ற சொல், கடிதம் போன மறுநாளிலிருந்து உறுத்த ஆரம்பித்தது. போக சுலபம் சரி. வர யாருக்குச் சுலபம்?

சனிக்கிழமை நூலகம் திறப்பதற்கு முன்பே போய்ப் படியில் உட்கார்ந்திருந்தேன். சத்தம் மேடம் வந்ததும், ஆற்று நாட்டோடு நமக்கு ஒப்பந்தம் இல்லை என்பது நிச்சயம்தானா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஏம்மா, நான் குடுத்த புஸ்தகம் எந்த வருஷத்துதுன்னு பாத்தியா? அட்டைதான் புதுசு. உள்ள பதினொரு வருஷப் பழசு. புதுசு வாங்க மேல எழுதி எழுதி என் கை தேஞ்சு போச்சு" என்றார். பிறகு அவரே பழைய செய்தித்தாள் கட்டுகள் இருக்கும் அறையைத் திறந்துவிட்டார். சாயங்காலம் வரை புரட்டினேன். மதியம் அவர் சாப்பாட்டில் பாதியை எனக்குக் கொடுத்தார். வாசகர்கள் அந்த அறையில் சாப்பிடக் கூடாது என்ற பலகைக்குக் கீழேயே உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டோம்.

நான்கு வருடத்துக்கு முந்தைய செய்தித்தாள் கட்டில் அது இருந்தது. இரண்டு நாட்டு அமைச்சர்களும் கை குலுக்கும் படம். தேடப்படுபவர்களை ஒருவருக்கொருவர் ஒப்படைப்பது என்று கையெழுத்திட்டிருக்கிறார்கள். போன வருடக் கட்டில், ஆறாம் பக்கத்தில், ஒரு துறைமுக எழுத்தர். அவரும் உங்களைப் போலத்தான், சரக்குப் பட்டியலில் நடந்த ஏதோ ஒன்றை வெளியில் சொன்னவர். ஆற்று நாட்டில் அடைக்கலம் கேட்டிருந்தார். எட்டாவது மாதம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விமானப் படிக்கட்டில் இரண்டு பேருக்கு நடுவில் அவர் இறங்குகிறார். குனிந்திருக்கிறார், முகம் தெரியவில்லை. அந்த உடம்பின் மேல் உங்கள் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டேன். பார்த்திருக்கக் கூடாது.

அப்பா, இதோடு முடியவில்லை. புத்தகம் பழையது என்று எனக்குத் தெரியாது என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் எனக்குத் தெரியும். முதல் நாளே அச்சிட்ட வருடம் கண்ணில் பட்டது. அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். நோட்டில் எழுதும்போது புத்தகத்தின் பெயர், பக்க எண் எல்லாம் எழுதினேன், வருடத்தை எழுதவில்லை. ஏனென்றால் அதற்கு முன்னாலேயே ஆற்று நாடு என்று முடிவு செய்துவிட்டேன். ஒரே வருடத்தில் உங்களிடம் வந்துவிடலாம் என்று படித்த நிமிடத்தில் முடிவு செய்துவிட்டேன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் அந்த முடிவுக்குப் பொருத்தமாக நிரப்பியது. பாட்டில் வருவதற்கு முன்னால் பதிவேட்டை எழுதியவர்களை எவ்வளவு திட்டியிருக்கிறேன்! நானும் அதைத்தான் செய்திருக்கிறேன், அதுவும் உங்கள் விஷயத்தில்.

பரிசோதனைக் கூடத்தில் தவறாக எழுதியதை அழிக்கவோ கிழிக்கவோ கூடாது, கீழே இருப்பது தெரியும்படி ஒரே ஒரு கோடு போட்டு, தேதியும் கையெழுத்தும் இட வேண்டும் என்று சொல்வீர்கள். என் நோட்டில் 'ஆற்று நாடு' என்ற பக்கத்தில் அப்படியே செய்துவிட்டேன். பாலங்களின் மேலும் கோடு போட்டேன்.

அம்மாவிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்கு வந்தபோது கட்டில் முழுக்கத் துணி. வாண்டு ஒரு குவியலின் மேல் உட்கார்ந்து படகு ஓட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், வருடத்தை மறைத்தது உட்பட. அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. மடித்துக்கொண்டிருந்த பாவாடையை மடித்து முடித்தாள். "நானும்தான் கேக்கலை. எந்த வருஷத்து புஸ்தகம்டின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? கேக்கப் பிடிக்கலை" என்றாள். பிறகு துணியை எல்லாம் வாரி பீரோவில் போட ஆரம்பித்தாள். பிரித்ததெல்லாம் ஒன்றாகக் கலந்துபோயிற்று. வாண்டு தன் படகைக் கொடுக்க மாட்டேன் என்று அழுதாள். அதை மட்டும் விட்டுவைத்தாள்.

விளக்கேற்றும் நேரத்தில் அம்மா என்னைக் கூப்பிட்டு, "எழுது" என்றாள். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "கிட்ட இருந்து நம்ம கண்ணு முன்னாடி பிடிச்சிட்டுப் போறதைவிட, எட்ட இருந்து மூச்சு விட்டுட்டு இருக்கட்டும். எனக்கு அது போதும்னு எழுது." சற்றுப் பொறுத்து, "போதும்ங்கறதை எழுதாத. போதாதுன்னு அவருக்குத் தெரியும்" என்றாள். இரண்டையும் எழுதிவிட்டேன். உங்களுக்கு எழுதும் கடிதத்தில் இனி எதையும் விட்டுவிட எனக்குத் தைரியம் இல்லை.

நேற்று வக்கீல் அம்மா வந்தார். செய்தித்தாளைப் பார்த்த இடத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டு, "இதை நான்ல பார்த்திருக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அன்று மாலையே அவர் எழுதிக் கேட்டிருந்தவரிடமிருந்தும் பதில் வந்துவிட்டது. பனி நாடு இதுவரை யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. நம் நாட்டில் அவர்களுக்கு ஓர் அலுவலகம்கூடக் கிடையாது, கேட்பதற்கே ஆள் இல்லை. 28ஆம் தேதியே அங்கேயும் உங்களுக்கு நேரம் வாங்க முடியுமாம். அதை உதவியாளர் வந்து பார்த்துக்கொள்வார்.

ஆனால் ஒன்று இருக்கிறது. பனி நாட்டின் படிவத்தில் மூன்றாம் பக்கத்தில் 'உடன் வருவோர்' என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். அதில் மனைவி, பிள்ளைகள் பெயரை எழுதினால் மனு வேறு வரிசைக்குப் போய்விடும். எல்லோரையும் பற்றி விசாரித்து முடிக்கப் பத்து மாதம் ஆகும். தனி ஆளாக இருந்தால் மூன்று வாரத்தில் பதில் தருவார்கள். உங்களுக்கு அங்கே இருப்பது அடுத்த மாதக் கடைசி வரைதான். ஆறு வருடம் கழித்து எங்களுக்காகத் தனியாக மனுப் போடலாம். அது கிடைக்குமா என்பதை இப்போது யாராலும் சொல்ல முடியாது. நான் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அதே பதில்தான்.

நீங்கள் அந்தக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை வைத்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். எங்களைக் கேட்காமல் எப்படி என்று நினைப்பீர்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். எங்களைக் கேட்டாயிற்று. அம்மா சரி என்றாள். நான் சரி என்கிறேன். வாண்டிடம், அப்பா இன்னும் தூரமாகப் போகிறார், அங்கே தண்ணீரெல்லாம் உறைந்து கிடக்கிறது என்றேன். "உறைஞ்சா டெஸ்ட் பண்ண உருக்கணுமே, பாவம்" என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பனி நாட்டைப் பற்றி நேற்று மறுபடி படித்தேன், இந்தத் தடவை வக்கீல் அம்மா கொண்டுவந்த, போன வருடம் அச்சான புத்தகத்தில். குளிர்காலத்தில் பகல் ஐந்து மணி நேரம்தான். வீடுகளில் எல்லா அறையிலும் ஜன்னல் வைப்பார்களாம், இருக்கிற வெளிச்சம் வீணாகக் கூடாது என்று. நேர வித்தியாசம் ஏழு மணி. எனக்குப் பள்ளி விடும்போது உங்களுக்கு விடியும்.

திங்கட்கிழமை அந்தக் கட்டத்தில் கோடு போட்டுவிடுங்கள், அப்பா. காலியாக விடாதீர்கள், காலியாக இருந்தால் வேறு யாராவது எதையாவது எழுதிவிடுவார்கள் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் மூன்று பேர் இருந்தார்கள் என்று நீங்கள் மட்டும் தெரிந்து வைத்திருங்கள். அளவுகோல் தேட வேண்டாம். கை எப்படிப் போகிறதோ அப்படியே போடுங்கள். கோணலாக வந்தாலும் பரவாயில்லை.

குளிரில் காதை மூடிக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். போய்ச் சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகள்